பள்ளிக்கூடத்துக் கணினிகளை லினக்சுக்கு மாற்றப் போகிறீர்களா? பென் டிரைவை முதல் நாள் வீட்டிலேயே வையுங்கள்

"தம்பி, லேப்ல பதினெட்டு சிஸ்டம் இருக்கு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்னு சர்வீஸ்காரர் சொல்லிட்டுப் போயிட்டார். நெசந்தானா?"

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனது. அதிலிருந்து இப்படிப்பட்ட போன்கள் அடிக்கடி வருகின்றன. போய்ப் பார்த்தால் பதினெட்டில் பதினாறு நான்காம் தலைமுறை ஐ3, நான்கு ஜிபி ராம். ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 11-தான் அவற்றைச் சேர்த்துக்கொள்ளாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இதே பெட்டிகள் இன்னும் சில வருடம் உழைக்கும்.

இதைச் செய்து கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. சென்னை ஐஎல்யுஜி, காஞ்சிலக், விழுப்புரம் ஜிஎல்யுஜி, கணியம் அறக்கட்டளை என்று கட்டற்ற மென்பொருளுக்காக உழைக்கும் தன்னார்வக் குழுக்கள் நம்மிடம் உண்டு. போட்டுக் கொடுப்பதும் பெரிய வித்தை இல்லை; ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த லினக்ஸ் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் முதன்முதலில் மாற்றிக் கொடுத்த இரண்டு இடங்களிலும் இல்லை.

2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த பெட்டிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, நல்ல மென்பொருள்தான். ஆனால் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். பெட்டிக்குள் இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை. பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் (2017-இல் கைட் ஆனது) பள்ளிகளுக்கென்றே உபுண்டு அடிப்படையில் ஒரு பதிப்பைத் தயாரித்தது, ஆசிரியர்களை உட்கார வைத்துப் பழக்கியது, பாடத்திலும் தேர்விலும் அதையே வைத்தது. அங்கே லினக்ஸ் ஊன்றியதற்கு மென்பொருளைவிட இந்தப் பழக்கல்தான் காரணம் என்பேன்.

எனவே இந்த வழிகாட்டியில் நிறுவுவதற்குக் கொஞ்சம்தான் இடம். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதுதான் அதிகம்.

படி 1: நோட்டும் பேனாவும்

முதல் நாள் லினக்ஸ் நிறுவும் பென் டிரைவை எடுத்துப் போகாதீர்கள். கையில் இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லி விரல் அரிக்கும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: செயலி, ராம், வட்டு எத்தனை ஜிபி, அது ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா, 64-பிட் உண்டா. யுபிஎஸ் உயிரோடு இருக்கிறதா, நெட் எங்கிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்டர்களின் மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் எழுதுங்கள், பின்னால் வேண்டும். 32-பிட் மட்டுமே தெரிந்த பெட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். டெபியனே 2025-இல் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32-பிட் இன்டெல்லுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. அந்தப் பெட்டிகளைத் திறந்து காட்டிப் பாடம் நடத்தலாம்.

இயந்திரங்கள் முடிந்ததும் மனிதர்கள். ஆபீஸ் ரூமில் அரை நாள் சும்மா உட்காருங்கள். கிளர்க் காலையில் வந்ததும் எதைத் திறக்கிறார்? டி.சி. எதில் அடிக்கிறார்? வினாத்தாளை எந்த டீச்சர் தயாரிக்கிறார், வீட்டிலா இங்கேயா, எந்தத் தமிழ் எழுத்துருவில்? அது வெளியே எங்கே அச்சுக்குப் போகிறது? "என்னென்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டால் "வேர்டு, எக்ஸெல்" என்றுதான் பதில் வரும். உட்கார்ந்து பார்த்தால்தான் பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிக் கொடுத்த ஃபீஸ் ரசீது மென்பொருள் ஒன்று ஓரத்தில் ஓடிக்கொண்டிருப்பது தெரியவரும்.

அரசுப் பள்ளியாக இருந்தால் ஹைடெக் லேபில் கை வைக்கவே வைக்காதீர்கள். அது துறையின் ஏற்பாடு, அதற்கெனப் பராமரிப்பு உண்டு. நன்கொடையாக வந்த பெட்டிகள், பள்ளிக்கே சொந்தமான பழைய பெட்டிகள், இவைதான் நம் எல்லை. எந்தப் பள்ளியானாலும் தாளாளரிடமோ ஹெச்.எம்.மிடமோ ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தப் பெட்டிகள், என்ன மாற்றம், எப்போது, பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்கித் தருவோம் என்று. அந்தக் கடைசி வரிதான் அவர்கள் பயத்தைப் பாதியாகக் குறைக்கும்.

படி 2: மாற்றக் கூடாதவற்றைப் பட்டியல் போடுங்கள்

ஆர்வக் கோளாறில் நாம் செய்யும் பெரிய தப்பு, நூற்றுக்கு நூறு மாற்றப் பார்ப்பது. ஒரு விண்டோஸ் பெட்டியை விட்டு வையுங்கள். உரிமம் உள்ளதாக, முடிந்தால் விண்டோஸ் 11 ஏற்கக்கூடியதாக. அதில் இருக்க வேண்டியவை: டேலி என்ற கணக்கு மென்பொருள், கைரேகை வருகைப் பதிவுக் கருவியின் மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், ஆடிட்டர் அனுப்பும் மேக்ரோ நிறைந்த எக்ஸெல் கோப்புகள். இவற்றில் சிலவற்றை லினக்சிலும் ஓட்டிவிடலாம், எனக்குத் தெரியும். மார்ச் 31 அன்று இரவு அது நின்றுபோனால் நீங்கள் போவீர்களா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ், யூடைஸ் பிளஸ் போன்றவை பிரவுசரில் ஓடுபவை, எங்கிருந்தும் திறக்கலாம்.

பாடநூலையும் ஒருமுறை புரட்டுங்கள். 2018-இல் வந்த பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் நூலில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் எல்லாம் பாடமாகவே இருக்கின்றன. நாம் போடப்போகும் லிப்ரே ஆபீஸ் 2010-இல் அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான். மெனுக்கள் பெரும்பாலும் பொருந்தும். "இது நம்ம பாடத்துல இருக்கிறதுதான் டீச்சர்" என்று பக்கத்தைத் திறந்து காட்டினால், நாம் மூன்று மணி நேரம் பேசுவதை அது ஒரு நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் அதே வரிசையின் பிளஸ் டூ நூலில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. அதற்குக் கட்டற்ற மாற்றாக ஸ்கிரைபஸ் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். தேர்வில் கேட்பது பேஜ்மேக்கர் மெனு. அந்தப் பாடம் நடக்கும் இடத்தில் அதற்கு வழி வைத்துவிட்டு நகருங்கள்.

படி 3: இயங்குதளத்தைத் தொடாமல் மென்பொருளை மட்டும் மாற்றுங்கள்

விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். அதன் மேலேயே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி போட்டுக் கொடுத்து ஆறு வாரம் விடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் இதற்குத் தோதான மாதங்கள். சேர்க்கை முடிந்திருக்கும், காலாண்டுத் தேர்வு இன்னும் வந்திருக்காது. மே மாதம் லேப் காலியாகக் கிடக்கும் என்று ஆசைப்படாதீர்கள். டீச்சர்களும் இருக்க மாட்டார்கள். ஜூனில் அவர்கள் வந்து உட்காரும்போது எல்லாமே மாறியிருந்தால் முதல் வாரமே கலவரம்தான்.

லிப்ரே ஆபீசைப் போட்ட கையோடு நான்கைந்து காரியம் செய்துவிடுங்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதைத் திறந்து டேப்டு என்று மாற்றினால் பார்வைக்கு வேர்டு மாதிரி இருக்கும். ஆப்ஷன்சில் லோடு, சேவ் பகுதியில் வழக்கமான சேமிப்பை வேர்டு வடிவத்துக்கு வையுங்கள். லிப்ரே ஆபீசின் சொந்த வடிவமான ஓடிஎஃப் ஐஎஸ்ஓ தரம் பெற்ற திறந்த வடிவம், அதில் சேமிப்பதே முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் டீச்சர் கோப்பை டிடிபி கடைக்கு எடுத்துப் போய், "திறக்கலைம்மா" என்று கடைக்காரர் சொன்னால் பழி லினக்ஸ் மேல்தான். கொள்கையை இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம். காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடியா எழுத்துருக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அகலம் ஒத்துப்போவதால் பக்கம் கலையாது.

ஆட்டோ கரெக்ட்டைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன். அது தனிக் கதை.

படி 4: தமிழ்

நம்மூர்ப் பள்ளிகளில் மாற்றம் தடுக்கி விழும் இடம் இதுதான். வெளிநாட்டு வழிகாட்டி எதிலும் இது இருக்காது.

டீச்சரின் பென் டிரைவில் பத்து வருடத்து வினாத்தாள்கள் இருக்கும். பெரும்பாலும் பாமினியில், சிலருக்கு வானவில்லில், சில சன்டாமியில். 2010 ஜூனிலேயே தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடை) தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் கைப்பழக்கம் அரசாணையைப் படிப்பதில்லை. இந்தப் பழைய எழுத்துருக்களில் தட்டியது உள்ளபடியே தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது. பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் திரையில் "தமிழ்" என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இல்லாத லினக்ஸ் பெட்டியில் திறந்தால் வினாத்தாள் முழுக்க ஏதோ மந்திரம் மாதிரி நிற்கும். "என் ஃபைல் எல்லாம் போச்சு" என்று டீச்சர் முகம் வெளிறும்.

போகவில்லை. பழைய பெட்டியில் இருந்த பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து லினக்சில் இரட்டைச் சொடுக்கி, இன்ஸ்டால் என்பதை அழுத்தினால் நிறுவிக்கொள்ளும். உடனே எல்லாம் பழையபடி தெரியும். எனவே நிறுவும் நாளுக்கு முன் செய்யும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்: அந்தப் பள்ளியில் புழங்கும் எழுத்துருக்கள் அத்தனையையும் முன்கூட்டியே ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆட்டோ கரெக்ட். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வழக்கம் அதற்கு உண்டு. பாமினியில் சின்ன ஜே என்பது "த". பெரிய ஜே என்பது "து". டீச்சர் "தமிழ்" என்று தட்டி இடைவெளி விட்டதும் அது "துமிழ்" ஆகும். திரும்பத் திருத்தினாலும் திரும்ப "துமிழ்". நான் ஒரு பள்ளியில் இதை நேரில் பார்த்தேன். எட்டாம் வகுப்பு இடைப்பருவத் தேர்வு வினாத்தாளின் தலைப்பில் மூன்று முறை "துமிழ் முதல் தாள்". வேர்டிலும் இதே தொல்லை உண்டுதான், ஆனால் அந்த டீச்சரின் வேர்டில் என்றைக்கோ யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். அவரைப் பொறுத்தவரை புது மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை. டூல்ஸ் மெனுவில் ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்சைத் திறந்து வாக்கியத் தொடக்கத்தைப் பெரிதாக்கும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். பத்து வினாடி வேலை. அதைச் செய்யாமல் வந்ததால் ஒரு மாத உழைப்பு போயிருக்கும்.

ஒருங்குறிக்கு மாற்றுவது அடுத்த கட்டம். எல்லாக் கோப்பையும் மாற்ற வேண்டாம். திரும்ப எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும் கோப்புகள் எவை என்று டீச்சரிடம் கேளுங்கள். அவற்றை மட்டும் மாற்றுங்கள். மீதி பாமினியிலேயே தூங்கட்டும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பாமினி, வானவில், டிஸ்கி உள்ளிட்ட பல குறியீடுகளை ஒருங்குறியாக்கும் வசதி இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வினாத்தாளில் ஆங்கிலமும் கலந்திருக்கும். முழுக் கோப்பையும் மாற்றியில் கொட்டினால் ஆங்கிலச் சொற்களும் தமிழாக உடைந்து போகும். பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். ஃபைண்டு ரீப்ளேஸ் பெட்டியில் ஃபார்மேட் பொத்தானை அழுத்தி எழுத்துருவைக் கொடுத்துத் தேடினால் அந்தப் பகுதிகள் மட்டும் பிடிபடும். மாற்றியபின் டீச்சரே ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் அவர் கண்ணுக்குத்தான் படும்.

ஒருங்குறித் தமிழில் தட்டத் தொடங்கியதும் இன்னொரு குழப்பம் வரும். எழுத்தின் அளவை 14 என்று வைத்தாலும் தமிழ் மட்டும் மாறாது. லிப்ரே ஆபீஸ் தமிழைச் சிக்கல் எழுத்து வகையில் சேர்த்து, அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு வைத்திருக்கிறது. ஆப்ஷன்சில் மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற கட்டத்தை இயக்கித் தமிழைத் தேர்ந்து, வழக்கமான எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழையோ நோட்டோ செரிஃப் தமிழையோ வைத்துவிடுங்கள். எழுத்து அமைப்புப் பெட்டியில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் இடமும் தமிழுக்கு ஓர் இடமும் தனித்தனியாக இருப்பதையும் டீச்சரிடம் காட்டிவிடுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற மென்பொருள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி முறை எல்லாம் அதில் உண்டு. இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் அமைப்பும் பட்டியலில் இருக்கும். தமிழ்99 சிறந்தது என்பது என் கட்சி. ஆனால் இருபது வருடம் தட்டச்சுப் பொறி முறையில் ஓடிய கிளர்க்கின் விரலிடம் போய் அதைப் பேசாதீர்கள். அவருக்குப் பழகியதையே போட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99-இல் தொடங்குங்கள்.

படி 5: பிரிண்டர்

மாடல் எண் எழுதச் சொன்னேன் அல்லவா. எச்.பி. என்றால் பெரும்பாலும் எச்பிலிப் என்ற மென்பொருளே பார்த்துக்கொள்ளும். லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 வகைக்கு மட்டும் கூடுதலாக ஒரு செருகு நிரலை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் இல்லாத பள்ளிக்குப் போகும்போது அதை முன்பே இறக்கிக்கொண்டு போங்கள். நம்மூர் ஆபீஸ் மேசைகளில் அடிக்கடி தென்படும் கேனான் எல்பிபி 2900 வேறு சாதி. அது கேப்ட் என்ற தன் சொந்த மொழியில்தான் பேசும். லினக்சில் செருகியதும் தானாக ஓடாது. போராடிப் பார்க்கலாம், அதைவிட, விட்டு வைத்த அந்த விண்டோஸ் பெட்டியிலேயே அதை மாட்டிவிட்டு, லினக்சிலிருந்து பிடிஎஃப் ஆக்கி அங்கே கொண்டுபோய் அச்சடிக்கச் சொல்வது மேல். நெட்வொர்க்கில் பகிர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சாதாரணமாகப் பகிர்ந்தால் அனுப்பும் பெட்டிக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: நிறுவும் நாள்

இப்போது பென் டிரைவ். காலாண்டு விடுமுறை நல்ல சமயம்.

எதைப் போடுவது என்று குழுவுக்குள் சண்டை போடாதீர்கள். உங்கள் குழுவில் அதிகம் பேருக்குப் பழக்கமானது எதுவோ அதுதான் சரி. கோளாறு வந்தால் போகப்போவது அவர்கள்தானே. நான் போடுவது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. குறைந்தது 2 ஜிபி ராம், நிம்மதியாக ஓட 4 ஜிபி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. பள்ளிக்கு நீண்ட கால ஆதரவுள்ள பதிப்புதான் வேண்டும், ஆறு மாதத்துக்கொரு முறை மாறுவது வேண்டாம்.

முதலில் லைவ் முறையில் (நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே) ஏற்றி வைஃபை, ஒலி, பிரிண்டர், புரொஜெக்டர் நான்கையும் சோதியுங்கள். புரொஜெக்டரை எல்லோரும் மறப்பார்கள்.

அப்புறம் பேக்கப். இதில் என் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் டி டிரைவ் முழுக்கப் படி எடுத்தோம், டெஸ்க்டாப் எடுத்தோம், டாக்குமென்ட்ஸ் எடுத்தோம். திருப்தியாக வட்டை அழித்து நிறுவினோம். திங்கட்கிழமை கணக்கு எழுதும் அக்கா வந்து, "தம்பி, என் டேலி டேட்டா எங்க?" என்றார். அது சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கிறது. எங்கள் யாருக்கும் அங்கே பார்க்கத் தோன்றவில்லை. நல்ல வேளை, ஆடிட்டரிடம் மூன்று வாரம் பழைய படி ஒன்று இருந்தது. மீதி வவுச்சர்களை நானும் இன்னொரு நண்பரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திரும்பப் பதிந்தோம். அக்கா டீ வாங்கிக் கொடுத்தார், ஆனால் பேசவில்லை.

அன்றிலிருந்து பழைய வட்டை அழிப்பதே இல்லை. பழைய பெட்டிக்கு ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டுவதுதான் பெரிய வேக மருந்து. புதிய எஸ்எஸ்டியில் லினக்சைப் போடுங்கள். கழற்றிய வட்டை ஒரு கவரில் போட்டு, பெட்டி எண்ணும் தேதியும் எழுதி, ஹெச்.எம். பீரோவில் மூன்று மாதம் வையுங்கள். எஸ்எஸ்டிக்கு நன்கொடை கேட்பது புதுக் கணினிக்குக் கேட்பதைவிட எவ்வளவோ சுலபம்.

இரண்டு இயங்குதளமும் ஒரே வட்டில் வேண்டும் என்று அடம் பிடித்தால், விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்க, லினக்சில் அந்த டிரைவில் எழுதவே முடியாது. பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் முன்பே பார்த்துச் சாவியை எழுதி வாங்குங்கள்.

ஒரு பெட்டியை முழுமையாகச் சீர் செய்து (எழுத்துரு, தட்டச்சு, பிரிண்டர், ஆட்டோ கரெக்ட் உட்பட), குளோன்சில்லாவில் படி எடுத்து மற்றவற்றில் இறக்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயரை மாற்றி, அதே எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்: லேப் 1, லேப் 2. கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப, டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் அப்போதைய நிலையைச் சேமித்து வையுங்கள்.

பழைய லேபில் எல்லாப் பெட்டியிலும் வரும் ஒரு சின்ன நோய்: பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்று மிரட்டும். லினக்ஸ் சரியில்லை என்பார்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்து, கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், அவ்வளவுதான். பையில் ஒரு அட்டை செல் எப்போதும் இருக்கட்டும்.

படி 7: லேபுக்குள் என்ன

ஆரம்ப வகுப்புக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட். நடுநிலைக்கு ஸ்கிராட்ச், ஜியோஜீப்ரா. உயர்நிலைக்கு ஸ்டெல்லேரியம், தனிம அட்டவணைக்குக் கால்சியம் என்ற கேடிஈ மென்பொருள், பிளஸ் டூவுக்குப் பைத்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சோதனைகளை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே இயற்பியல் வகுப்பு களை கட்டும். அவற்றில் பல தமிழிலும் உண்டு. நெட்டே வராத ஊரென்றால் ஒரு பெட்டியில் கோலிப்ரி என்ற பாடத் தொகுப்பு மென்பொருளை ஏற்றிவிட்டு மற்றப் பெட்டிகளிலிருந்து உள் நெட்வொர்க்கில் பார்க்கலாம். எல்லாவற்றையும் முதல் நாளே காட்டாதீர்கள். வாரம் ஒன்று போதும்.

மாணவர்களுக்கு விருந்தினர் நுழைவை இயக்கி வையுங்கள். வெளியேறியதும் அவர்கள் மாற்றியது எல்லாம் அழிந்து, அடுத்தவருக்குச் சுத்தமான திரை கிடைக்கும். யார் திரையில் என்ன ஓடுகிறது என்று ஆசிரியர் தன் இடத்திலிருந்தே பார்க்க எபாப்டிஸ் என்ற மென்பொருள் உதவும். சந்தேகத்தோடு இருந்த கணினி ஆசிரியர் பலர் இந்த ஒன்றைப் பார்த்ததும் நம் பக்கம் வந்திருக்கிறார்கள்.

தொண்டு நிறுவனம் என்றால்

மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். கூடுதலாக இரண்டு விஷயம். பல சிறிய அலுவலகங்களில் கிராக் செய்த விண்டோசும் ஆபீசும்தான் ஓடுகின்றன. அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். குத்திக் காட்டாதீர்கள். அந்த ஆக்டிவேட்டர்களோடு வைரசும் சேர்ந்து வரலாம் என்பதையும், நன்கொடையாளர் விவரமும் பான் எண்ணும் அதே பெட்டியில் இருப்பதையும் மட்டும் சொல்லுங்கள், போதும். இரண்டாவது, எக்ஸெல். சிஎஸ்வியாக உள்ள நன்கொடையாளர் பட்டியலைக் கால்க்கில் திறக்கும்போது தேதி வடிவமும் முன்னால் உள்ள பூஜ்யங்களும் மாறக் கூடும். திறக்கும்போது வரும் பெட்டியிலேயே அந்தப் பத்திகளை உரை வடிவம் என்று குறித்த பிறகு திறக்கச் சொல்லுங்கள். கணக்குக்கு க்னூகேஷ் நல்லது, ஆனால் ஆடிட்டர் ஒத்துக்கொண்டால் மட்டும்.

படி 8: பழக்குவதும் ஒப்படைப்பதும்

புரொஜெக்டரில் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. நான் செய்வது இதுதான்: அடுத்த வாரம் உண்மையில் நடக்கப்போகும் தேர்வின் வினாத்தாளை அன்றைக்கே, அந்தப் பெட்டியிலேயே, டீச்சர் கையால் தயாரிக்க வைப்பது. பக்கத்தில் உட்காருங்கள். மவுசை மட்டும் தொடாதீர்கள். அவர் தேடட்டும். நான்கு நிமிடம் ஆகும், நம் கை பரபரக்கும், பொறுங்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் முன்னால் தடுமாற எந்த ஆசிரியருக்கும் பிடிக்காது. மாணவர்களுக்குக் காட்டும் முன் ஆசிரியர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் கொடுங்கள். "லினக்ஸ் வேண்டாம்" என்று ஒருவர் முறுக்கிக்கொண்டால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான் இருக்கும். மென்பொருள் சுதந்திரம் பற்றி அவரிடம் பிரசங்கம் செய்து பயனில்லை. அதை செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மென்பொருள் சுதந்திர நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

நாம் இல்லாத நாளில் பார்த்துக்கொள்ள இரண்டு மாணவர்களைப் பிடியுங்கள். பிளஸ் டூ வேண்டாம், மார்ச்சில் போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் பிடித்தால் சில வருடம் இருப்பார்கள், அடுத்தவர்களையும் பழக்குவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை: அப்டேட் போடுவது, பிரிண்டர் வரிசையை அழிப்பது, டைம்ஷிஃப்டில் பின்னால் போவது, செல் மாற்றுவது. நிர்வாகக் கடவுச்சொல் ஹெச்.எம்.மிடம் மூடிய கவரில் இருக்கட்டும். உங்களிடம் மட்டும் இருந்தால் அது பள்ளியின் லேப் ஆகாது, உங்கள் லேப்தான்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை நேரில் போங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை. போன் எடுக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள், மாலை ஆறிலிருந்து எட்டு என்று. இல்லாவிட்டால் ஆபீசில் மீட்டிங்கில் இருக்கும்போது "மவுஸ் நகர மாட்டேங்குது" என்று அழைப்பு வரும்.

லேப் கதவுப் பக்கம் ஒரு நீள நோட்டு கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, பெட்டி எண், என்ன கோளாறு, யார் என்ன செய்தார். ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பதினெட்டுப் பெட்டிப் பள்ளிக்கு மூன்றாம் மாதம் போனபோது அந்த நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கம் முழுக்க எங்கள் கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் உருண்டையான பென்சில் எழுத்தில் ஒரு வரி இருந்தது: "லேப் 7. தேதி தப்பா காட்டுச்சு. செல் மாத்தியாச்சு. பழைய செல் டப்பாவுல இருக்கு. 9 பி."